தக்காவி: ஒரு சொல்லின் வழியே அரசுக் கடனின் வரலாறு

மதுரைச் சமவெளியின் மூத்த விவசாயிகளிடம் கிணறு வெட்டிய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், 'தக்காவி' என்னும் சொல்லும் கூடவே வந்து சேரும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய வட்டங்களில் அரசு கொடுத்த விவசாயக் கடனுக்கு அதுவே பெயர். வங்கிகள் கிராமங்களை எட்டிப் பாராத நாள்களில் தாலுகா கச்சேரிக்குச் சென்று மனுக் கொடுத்து, கர்ணமும் கிராம முன்சீப்பும் எழுதித்தரப் பெற்ற கடன் அது. பசலி, ஜமாபந்தி, ஜப்தி, பாக்கி, ரசீது, தாசில்தார் என்று நம் வருவாய்த்துறையில் உலவும் அரபு, பாரசீகச் சொற்களின் வரிசையில் இதுவும் ஒன்று. ஏனைய சொற்கள் பெரும்பாலும் அரசு மக்களிடமிருந்து வாங்குவதைக் குறிப்பவை. தக்காவி மட்டுமே அரசு மக்களுக்குக் கொடுப்பதைக் குறிக்கிறது. அச்சொல்லின் பயணத்தைப் பின்தொடர்ந்தால், வட்டார வளர்ச்சிக்கென அரசுகள் வழங்கும் கடனும் மானியமும் எங்கே மக்களுக்கு வலுச் சேர்த்தன, எங்கே சுமையாகிப் போயின என்பதை அறியலாம்.

சொல்லின் வேர்

'குவ்வத்' என்றால் வலிமை என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. அதே வேரிலிருந்து பிறந்தது 'தக்வியத்'. வலுப்படுத்துதல் என்பது அதன் பொருள். அதனோடு உறவுடையதே 'தகாவீ'. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபய்யூம் மாகாணத்தை ஊர் ஊராகக் கணக்கெடுத்து நாபுலுஸீ எழுதிய நூலில், விதைப்புக்காக அரசு உழவர்களுக்கு முன்கூட்டி அளித்த தானியம் இப்பெயரால் குறிக்கப்படுகிறது. எகிப்திய வழக்கில் விதைக்கு இன்றும் அச்சொல் உண்டு. கடன் என்ற பொருளைக் காட்டிலும், தளர்ந்தவனைத் தாங்கி நிறுத்துதல் என்ற பொருளே அச்சொல்லின் அடியில் இருக்கிறது.

சொல்லைவிடக் கருத்து இன்னும் பழமையானது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சி (ஹிஜ்ரி 99–101, கி.பி. 717–720) குறுகியது; அதன் செய்திகளோ நீண்டு நிற்பவை. ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூ உபைத் 'கிதாபுல் அம்வால்' நூலில் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது. இராக்கில் ஆளுநராக இருந்த அப்துல் ஹமீத் என்பார், மக்களுக்குரிய ஊதியங்களைக் கொடுத்து முடித்த பின்னும் பொதுக் கருவூலத்தில் பொருள் மிஞ்சியிருப்பதாகக் கலீஃபாவுக்கு எழுதினார். ஊதாரித்தனத்தால் அல்லாமல் வேறு காரணங்களால் கடன்பட்டோரின் கடனை அடைக்குமாறு ஆணை வந்தது. பின்னும் மிஞ்சியது. மணம் முடிக்க வசதியற்ற இளைஞர்களுக்கு உதவுமாறு மறுமடல் வந்தது. அதன் பின்னும் மிஞ்சியதாக எழுதியபோது, ஜிஸ்யா செலுத்தும் மக்களில் நிலத்தைப் பயிரிட இயலாமல் தளர்ந்தவர்களைத் தேடிப் பார்த்து, உழுது பயிரிடும் வலுவைப் பெறுமளவுக்குக் கடன் கொடுக்கும்படி கலீஃபா பணித்தார். ஓராண்டு ஈராண்டுக்கு மட்டும் அவர்கள் நமக்கு வேண்டியவர்கள் அல்லர் என்பது அதற்கு அவர் காட்டிய காரணம்.

இந்த மடலில் மூன்று செய்திகள் நம் கவனத்திற்குரியவை. கடன் பெறுவோர் முஸ்லிமல்லாத உழவர்கள். அவர்களைத் தேடிச் செல்லும் கடமை அதிகாரியுடையது. கொடுக்கும் அளவு, மீண்டும் நிமிர்ந்து நிற்பதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அங்கே வட்டிக்கு இடமில்லை என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

இதைக் கண்டு அக்கால அரசு பொதுப்பணத்தை அள்ளி வீசியது என்று எண்ணிவிடலாகாது. உமர் பின் அல்கத்தாப் (ரலி) அவர்களின் காலத்தில் ஹிந்த் பின்த் உத்பா, பைத்துல்மாலிலிருந்து நாலாயிரம் கடன் பெற்று வணிகம் செய்து இழப்புற்றார். அப்பணம் தம்முடையதாக இருந்தால் விட்டுக்கொடுத்திருக்கலாம், அது முஸ்லிம்களின் பொதுச்சொத்து என்று கலீஃபா மறுத்துவிட்டதைத் தபரீ பதிவு செய்கிறார். கலீஃபாவின் மைந்தர்கள் இருவரிடம் பஸ்ராவின் ஆளுநர் கருவூலப் பணத்தை ஒப்படைக்க, அவர்கள் அதைக் கொண்டு வழியில் சரக்கு வாங்கி விற்று இலாபம் ஈட்டினர். அதனை 'கிராள்' எனும் கூட்டு முதலீடாகக் கருதி, இலாபத்தில் பாதியைக் கருவூலத்தில் சேர்த்த செய்தி இமாம் மாலிக் அவர்களின் 'முவத்தா'வில் உள்ளது. தேவையுள்ளோருக்கு வட்டியில்லாக் கடன், வணிகருக்கு இலாபப் பங்கு, இரண்டிலும் பொதுப்பணத்துக்குக் கணக்கு என்பனவே அந்நாளைய நெறிகள்.

திண்டுக்கல் வரை வந்த வழக்கம்

இந்தியாவில் இவ்வழக்கம் வருவாய் நிருவாகத்தின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று. வரி தண்டும் அதிகாரி வறிய உழவனுக்கு முன்பணம் தந்து, வசதியான தவணைகளில் மெல்லத் திரும்பப் பெற வேண்டும் என்று அபுல் ஃபஸலின் 'ஆயினே அக்பரீ' அறிவுறுத்துகிறது. 1792இல் ஆங்கிலத்தில் வெளியான திப்பு சுல்தானின் வருவாய் விதிகளிலும், ஏழை உழவர்கள் ஏர் வாங்கத் தக்காவி கொடுக்க வேண்டும் என்ற கட்டளை இடம்பெற்றுள்ளது.

இது மதுரைக்கு அயலான செய்தியன்று. 1755இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக ஹைதர் அலீ வந்ததிலிருந்து அச்சீமை மைசூரோடு இணைந்திருந்தது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1985 வரை அது மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரைத் தாங்கிய பேகம்பூர் பள்ளிவாசல் அக்காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

இவ்வழக்கத்தில் அரசுக்குத் தன்னலம் இல்லாமலில்லை. விளைந்தால்தான் வரி வரும். ஆயினும் உழவனின் நலமும் அரசின் நலமும் ஒரே வயலில் விளைந்தன என்பதே அதன் சிறப்பு.

சட்டமான தக்காவி

1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. புதிய ஆட்சி தக்காவி என்ற சொல்லை வைத்துக்கொண்டது. ஆனால் அதன் உயிர் குன்றியது. 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட பின்னரே அரசு விழித்தது. 1880இல் அறிக்கை அளித்த பஞ்ச விசாரணைக் குழு, கிணறும் கரையும் அமைக்க விவசாயிக்குக் கடனுதவி தேவை என வலியுறுத்தியது. அதன் விளைவாக 1883இல் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டமும் 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் பிறந்தன. முந்தையது கிணறு, வரப்பு, வடிகால் போன்ற நிலையான பணிகளுக்கு உரியது. பிந்தையது விதை, உழவு மாடு போன்ற உடனடித் தேவைகளுக்கு உரியது.

மதுரைக்கு இவை அவசரமாகத் தேவைப்பட்ட சட்டங்கள். வைகை ஆண்டு முழுதும் நீர் தரும் ஆறன்று. கண்மாய்ப் பாசனமோ பருவமழையை நம்பியது. 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் செய்து, பென்னிகுவிக்கின் மேற்பார்வையில் எழுப்பப்பட்ட பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகையில் கலந்து, பேரணையிலிருந்து கால்வாயாகப் பிரிந்து மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. இந்நிலப்பரப்பில் ஓர் அரசு செய்த மிகப் பெரிய முதலீடு அதுவே. ஆனால் கால்வாயில் தண்ணீர் வந்தால் மட்டும் புன்செய் நன்செய் ஆகிவிடாது. மேடு தட்ட வேண்டும், வரப்பெடுக்க வேண்டும், மாடு வாங்க வேண்டும், முதல் அறுவடை வரை வயிற்றைக் காக்க வேண்டும். அணைக்குப் பணம் போட்ட அரசுக்கு உழவனின் இந்தச் சிறு முதல் பெரிதாகத் தோன்றவில்லை.

சட்டத்தின் கடன் ஏன் எளியவரை எட்டவில்லை? நிலத்தைப் பிணையாக வைக்க வேண்டியிருந்ததால் குத்தகைதாரரும் வாரதாரரும் கூலியாளரும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டனர். மனு பல மேசைகளைக் கடந்து பணமாக மாறுவதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிடும். இடையில் உள்ள சிறு அலுவலர்களின் கைகளையும் நனைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவணை தவறினால் அத்தொகை நிலவரிப் பாக்கியாகவே கருதப்பட்டு ஜப்தி வந்துவிடும். வட்டிக்கடைக்காரர் கூடுதல் வட்டி வாங்கினாலும் இரவில் கேட்டால் காலையில் கொடுத்தார். மழை பொய்த்தால் மறு ஆண்டுக்குத் தள்ளி வைத்தார். குறைந்த வட்டிக்குக் கொடுத்த அரசைக் கண்டு அஞ்சி, கூடுதல் வட்டி வாங்கியவரிடமே உழவர்கள் போனதற்குக் காரணம் இதுதான். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்ற திருக்குர்ஆனின் கட்டளையை (2:280) இங்கே எண்ணிப் பார்க்கலாம். அவகாசம் இல்லாத கடன் வலுவைச் சேர்ப்பதில்லை. இருக்கும் வலுவையும் உறிஞ்சிவிடுகிறது.

உதவியும் கண்காணிப்பும்

அரசின் உதவி ஆதிக்கத்தின் கருவியாகவும் மாறக்கூடும் என்பதற்கு மதுரைச் சீமையிலேயே சான்று உண்டு. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டு, ஊர் ஊராக ஆண்களின் கைரேகை பதியப்பட்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண்ணுட்பட பதினாறு பேர் உயிரிழந்தனர். மதுரையில் வாழ்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர்.

அதே காலத்தில் தொடங்கியது கள்ளர் சீரமைப்புத் திட்டம். பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், நிலம், கிணறு என்று உண்மையான நன்மைகள் அதில் இருந்தன. இன்றைய மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அத்திட்டத்தில் வேரூன்றிய பள்ளிகளில் படித்து உயர்ந்தவர் பலர். ஆயினும் ஒரு கையால் கடன் கொடுத்த அரசு மறு கையால் கைரேகை வாங்கியது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்படும் வரை, அம்மக்கள் பெற்ற உதவியில் அவமானமும் கலந்திருந்தது. மக்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் அரசு எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் அது தக்காவி ஆகாது.

கூட்டுறவிலிருந்து தள்ளுபடி வரை

தக்காவியின் குறைகளைக் கண்ட சென்னை அரசு, மாற்று வழி காணுமாறு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக அவர் அளித்த அறிக்கை, ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. ஒருவரையொருவர் அறிந்த ஊரார் ஒன்றுகூடி, தம் நாணயத்தையே பிணையாக்கிக் கடன் பெற வேண்டும் என்பது அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. மதுரையின் நெசவாளர்களுக்கும் சமவெளியின் உழவர்களுக்கும் கூட்டுறவு பின்னாளில் ஓரளவு கைகொடுத்தது.

ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு எடுத்த கணக்கு தலைகுனிய வைப்பது. 1951–52 நிலவரத்தை ஆராய்ந்து 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, விவசாயி பெற்ற கடனில் அரசின் பங்கு 3.3 விழுக்காடு; கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடு. ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்குக் கொடுப்போரிடமிருந்தே வந்தது. எழுபது ஆண்டுகள் தக்காவிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தும் பலன் இவ்வளவே.

அதன் பின் வேகம் கூடியது. 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980 அக்டோபர் 2 முதல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது. சிறு விவசாயிக்குக் கால் பங்கும் குறு விவசாயிக்கும் கூலியாளருக்கும் மூன்றில் ஒரு பங்கும் மானியம். எஞ்சியது வங்கிக் கடன். மதுரைப் பக்கத்துக் கிராமங்கள் இதனைக் 'கறவை மாட்டுக் கடன்' என்றே நினைவு வைத்திருக்கின்றன. மேய்ச்சல் நிலமும் தீவனமும் பால் வாங்கும் ஏற்பாடும் உள்ள ஊரில் மாடு வீட்டை வாழ வைத்தது. அவை இல்லாத ஊரில் மாடு போய்க் கடன் நின்றது. மானியத்துக்கு ஆசைப்பட்டுத் தேவையற்ற கடனை ஏற்றவர்களும் உண்டு. 1999இல் அத்திட்டம் வேறொன்றில் கரைந்தது.

பின்னர் தள்ளுபடிகளின் காலம் வந்தது. 2006இல் தமிழக அரசு 6,866 கோடி ரூபாய்க் கூட்டுறவு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2021இல் மீண்டும் 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது. வறட்சியில் நசிந்தவருக்கு அது உயிர்மூச்சு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டுறவுக் கடனே கிடைக்காமல் தனியாரிடம் வாங்கிய குத்தகைதாரரை அது எட்டவில்லை. ஒழுங்காகக் கட்டியவரோ தாம் ஏமாந்தவர் என்று எண்ணத் தலைப்பட்டார். ஹிந்திடம் கலீஃபா காட்டிய கண்டிப்புக்கும், நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் தரச் சொல்லும் இறைமறையின் கருணைக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. யார் இயலாதவர், யார் இயன்றவர் என்று அறிந்து நடப்பதே அவ்வழி. ஊரை அறிந்தவர்களால் மட்டுமே அது முடியும்.

அதற்கும் மதுரையே எடுத்துக்காட்டுத் தருகிறது. 1990 வாக்கில் இச்சமவெளியில் தொடங்கிய 'களஞ்சியம்' பெண்கள் குழுக்கள், சிறுகச் சேமித்ததைத் தமக்குள் சுழற்றிக் கடனாக வழங்கின. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளியான சின்னப்பிள்ளை அவ்வியக்கத்தின் தலைவியாக வளர்ந்தார். 2001இல் தில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே வியந்து பார்த்தது. அக்குழுக்களும் வட்டி வாங்குகின்றன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் யாருக்கு எப்போது எவ்வளவு என்பதை அந்த ஊர்ப் பெண்களே தீர்மானித்தார்கள். தாலுகா கச்சேரியால் நூறாண்டில் இயலாதது அதுவே.

நம் பங்கு என்ன?

இந்த நெடிய வரலாற்றில் மதுரை முஸ்லிம்கள் எங்கே நின்றார்கள்? பெரும்பாலும் வாசலுக்கு வெளியே. அதற்கு இரு காரணங்கள். ஒன்று, வங்கிகளின் மனப்போக்கு. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் சில பகுதிகளை வங்கிகள் கடனுக்கு ஆகாத பகுதிகளாக ஒதுக்கி வைத்ததை 2006இல் சச்சார் குழு அம்பலப்படுத்தியது. மற்றொன்று, நம் மார்க்கப் பேணுதல். வட்டி விலக்கப்பட்டது என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. ஆகவே பேணுதலுள்ள சிறு வணிகர் அரசுக் கடனிலிருந்து விலகி நின்றார். விலகியவர் வட்டியிலிருந்து தப்பினாரா என்றால், பலர் தப்பவில்லை. நெல்பேட்டையிலும் முனிச்சாலையிலும் அன்றாடம் கடை விரிப்பவர் காலையில் வாங்கி மாலையில் கூடுதலாகத் திருப்பும் தண்டல் கடனில் சிக்கியதை நாம் கண்டிருக்கிறோம். வாசலில் மறுத்த வட்டியைச் சந்தில் பன்மடங்காகக் கொடுத்தோம்.

1994இல் தேசியச் சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகமும் 1999இல் தமிழகத்தில் 'டாம்கோ'வும் அமைந்தன. குறைந்த வட்டி ஆயினும் அவற்றின் கடன்களிலும் வட்டி உண்டு. 2020இல் பெருந்தொற்றால் சந்தைகள் மூடப்பட்டபோது, தெரு வணிகருக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய்க் கடன் தரும் திட்டத்தை நடுவண் அரசு அறிவித்தது. அதிலும் அரசு வட்டியில் ஒரு பகுதியைத் தாங்கியதேயன்றி வட்டி அகலவில்லை. வட்டியற்ற வங்கி முறையைப் பரிசீலிக்கலாம் என்று 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அம்முயற்சியைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்தது.

கதவுகள் எல்லாம் அடைபட்டுவிடவில்லை. 2007 முதல் தமிழக மாவட்டங்களில் அமைந்த முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் கருதத்தக்கவை. சமுதாயம் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசு மானியம் தரும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கணவனை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தொழில் செய்ய உதவி வழங்கப்படும். வட்டி இல்லை, பிணை இல்லை. நாம் திரட்டும் அளவே அரசின் பங்கையும் நிர்ணயிக்கிறது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் வட்டியில்லாக் கடன் சங்கங்கள் இயங்கியதை அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் எடுத்தெழுதியுள்ளார். ஆக முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. நம் மஹல்லாக்களின் பைத்துல்மால்கள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவுகின்றன. ஒரு தையல் இயந்திரத்துக்கும் ஒரு தள்ளுவண்டிக்கும் திரும்பக் கட்டும் கடனாக உதவக் கணக்கும் துணிவும் இருந்தால் போதும்.

மனுவில் சாதி, மதம் பார்க்காமல் தளர்ந்தவனைத் தேடிச் செல். அவன் நிமிரும் அளவுக்குக் கொடு. விளையும் வரை பொறு. பொதுப்பணத்தின் கணக்கை விடாதே. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இராக்குக்குப் போன மடலிலும், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பிலும் நாம் காணும் நெறிகள் இவை. அரசின் திட்டங்களை அளப்பதற்கு மட்டுமன்றி, நம் மஹல்லாவின் பணப்பெட்டியை அளப்பதற்கும் இவையே அளவுகோல். மேலூர்ப் பக்கத்துக் கிணற்று மேட்டில் இன்னும் ஒலிக்கும் தக்காவி என்ற சொல் நம் மொழியிலிருந்து போனது. அதன் பொருளை மீட்டெடுக்கும் பொறுப்பு, பிறரைவிட நமக்கே கூடுதலாக உண்டு.